இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சா போதும்னு எந்தெந்த நாட்டை நம்பலாம்?

குழித்துறைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தங்கச்சி பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ஆஸ்பத்திரியில வேலை பாக்கா. தம்பி கப்பல்ல டெக் வேலைக்குப் படிக்கான். மார்த்தாண்டத்துல ஏஜென்டுமாரு அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ், கனடா, துபாய் எல்லாத்தையும் ஒரே நோட்டீஸ்ல போட்டு, எல்லாம் இங்கிலீஷ் பேசுற நாடுதான்னு சொல்லுதாங்க. இதுல எது நெசம்? வேற மொழி படிக்காம எங்க காலூன்றலாம்? கப்பல்ல எப்படி?

தக்கலை வாத்தியார்:
தம்பி, ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். சட்டத்தில் என்ன மொழி, வேலையிடத்தில் என்ன மொழி, வார்டில் படுத்திருக்கும் கிழவிக்கு என்ன மொழி? ஏஜென்ட் இதில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்.

சட்டத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆஸ்திரேலியாவில் ஆட்சிமொழி இதுதான் என்று சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவிலும் 2025 மார்ச்சில் அதிபர் ஆணை வரும்வரை நாடு முழுமைக்கும் அப்படி ஒன்று இருந்ததில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஆஸ்பத்திரி முதல் பஸ் வரை இங்கிலீஷ்தான். அயர்லாந்தின் அரசியல் சாசனத்திலோ ஐரிஷ் முதல் ஆட்சிமொழி, இங்கிலீஷ் இரண்டாவது. அதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஐரிஷ் அன்றாடப் பேச்சாக இருப்பது பெரும்பாலும் மேற்குக் கரையோரப் பகுதிகள் சிலவற்றில்தான். டப்ளினிலும் கார்க்கிலும் இங்கிலீஷ் போதும்.

மால்டாவில் மால்டீஸ், இங்கிலீஷ் இரண்டும் ஆட்சிமொழி. வேலைக்கு இங்கிலீஷ் போதும். ஆனால் வீட்டுப் பேச்சு மால்டீஸ். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை என்றால் வலி, தண்ணீர், கழிவறை, மருந்து பற்றிய வார்த்தைகளையாவது படித்துவிட்டுப் போக வேண்டும்.

சைப்ரஸை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் இங்கிலீஷ் பரவலாகப் புரியும், அவ்வளவுதான். ஆட்சிமொழிகள் கிரேக்கமும் துருக்கியும்.

கனடா என்று சொன்னால் எந்த மாகாணம் என்று கேளுங்கள். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக்கில் பிரெஞ்சுதான் ஆட்சிமொழி. நர்ஸ் உரிமத்துக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். நியூ பிரன்ஸ்விக்கில் இரண்டும் ஆட்சிமொழி. ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா போன்ற இடங்களில் இங்கிலீஷ் போதும். ஆஃபர் கடிதத்தில் மாகாணம் பெயர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக்கூடாது.

துபாயில் ஆட்சிமொழி அரபி. நர்ஸ் உரிமத் தேர்வு, கேஸ் ஷீட் எல்லாம் இங்கிலீஷ். வார்டில் அரபி, இந்தி, மலையாளம் எல்லாம் கேட்கும். மலையாளம் கேட்டுப் பழகிய விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே ஒரு பலம்.

நோட்டீஸில் இல்லாத ஒன்று மாலத்தீவு. அங்கே ஆட்சிமொழி திவேஹி, பள்ளியில் பாடமொழி இங்கிலீஷ். நம் பக்கத்து ஆசிரியர்கள் அங்கே போய் வேலை செய்ய முடிவது அதனால்தான். நைஜீரியா, கானா, ஜாம்பியா போன்ற நாடுகளில் அரசாங்கமும் பள்ளியும் இங்கிலீஷில் நடக்கும், வீடும் சந்தையும் வேறு மொழியில். ருவாண்டா 2008-இல் பிரெஞ்சை விட்டு இங்கிலீஷைப் பாடமொழியாக எடுத்துக்கொண்டது.

உலகில் ஏறக்குறைய 150 கோடிப் பேர் இங்கிலீஷ் பேசுகிறார்கள். தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அதில் கால்வாசி அளவுதான். உங்கள் தங்கச்சி வேலை செய்யப்போகும் இடத்திலும் பிலிப்பைன்ஸ், நைஜீரியா, கேரளா என்று பல ஊர் இங்கிலீஷ் கேட்கும். பிபிசி உச்சரிப்பை மட்டும் கேட்டுப் பழகினால் போதாது.

ஆசாரிபள்ளம் சிஸ்டர்:
வாத்தியார் சொன்னதோட நர்ஸ்மாருக்கு வேண்டியதையும் சேத்துக்கிடுங்க. பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ்ங்கிற பொது இங்கிலீஷ் தேர்வுல, அகாடமிக் வகையில மொத்தம் 7 வேணும். கேட்டல், வாசித்தல், பேசுதல் ஒவ்வொண்ணுலயும் 7, எழுத்துல 6.5. மருத்துவத் துறைக்காரங்களுக்குன்னு உள்ள இங்கிலீஷ் தேர்வான ஓஇடின்னா அந்த மூணுல பி, அதாவது 350, எழுத்துல சி பிளஸ், 300. ஒரே தடவையில வரலைன்னா, ஒரு வருஷத்துக்குள்ள எழுதின ரெண்டு தேர்வை நிபந்தனையோட சேத்துக் காட்டலாம்.

தேர்வுல ஜெயிச்ச பிள்ளைகளும் வார்டுல தடுமாறுறது மருந்துப் பேர்லயும் அளவுலயும்தான். நாம படிக்கிற பாராசிட்டமால் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்க எபிநெஃப்ரின். சால்பூட்டமால் அமெரிக்காவுல அல்பியூட்டரால், ஆனா கனடாவுல சால்பூட்டமால்தான். ரத்த சர்க்கரையை இந்தியாவுலயும் அமெரிக்காவுலயும் மில்லிகிராம்ல சொல்லுவோம். பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியாவுல மில்லிமோல். நம்ம கணக்கை 18-ஆல வகுத்தா அவங்க கணக்கு: 180 அங்க 10. அங்க சர்க்கரை பாக்குற மீட்டர்ல 4-க்குக் கீழ வந்தா சர்க்கரை தாழுதுன்னு உடனே தோணணும். மனசுல வகுத்துக்கிட்டு நிக்க அப்ப நேரம் கிடையாது.

தேதியும் அப்படித்தான். 03/04ன்னு எழுதினா பிரிட்டன்ல ஏப்ரல் 3, அமெரிக்காவுல மார்ச் 4. மாசத்தை எழுத்துல எழுதிப் பழகணும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ரெண்டும் போன்ல ஒண்ணு போலக் கேக்கும். டோஸ் சொல்லும்போது ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோன்னு பிரிச்சுச் சொல்லி, எதிர்ல உள்ளவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லணும்.

குளச்சல் கடலோடி:
கப்பலுக்கு நாடு பாக்க வேண்டாம். கொடி எந்த நாடா இருந்தாலும், கப்பலுக்கும் கப்பலுக்கும், கப்பலுக்கும் கரைக்கும் பாதுகாப்புப் பேச்சு பிரிட்ஜிலிருந்து, அதாவது கப்பலை ஓட்டுற அறையிலிருந்து, இங்கிலீஷ்ல இருக்கணும்னு சோலாஸ்ங்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் சொல்லுது. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா வேற மொழி தெரிஞ்சா மட்டும் விலக்கு. அதுக்குன்னு சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2001-ல எஸ்எம்சிபின்னு ஒரு வாக்கியத் தொகுப்பு ஏத்துக்கிட்டு இருக்கு. தம்பி அதை மனப்பாடமா வச்சுக்கணும்.

அதுல மே, மைட், ஷுட், குட் இதெல்லாம் தவிர்க்கச் சொல்லியிருக்கு. அனுமதி கேக்கானா, முடியுமான்னு கேக்கானா, அறிவுரை சொல்லுகானான்னு குழம்பும். அதனால வாக்கியத்துக்கு முன்னாலயே கொஸ்டின், ஆன்சர், வார்னிங், இன்டென்ஷன் மாதிரி எட்டு அடையாளச் சொல்லுல ஒண்ணைச் சொல்லலாம். 150ன்னா ஒன் ஃபைவ் ஜீரோ. சுக்கான் ஆர்டர்ல மட்டும் எண்ணை முழுசாச் சொல்லணும்: போர்ட் ஃபிஃப்டீன், அதாவது இடது பக்கம் 15 டிகிரி. ஆர்டர் வந்ததும் வீல்ல நிக்கிறவன் அதையே திருப்பிச் சொல்லணும், சுக்கான் அந்த இடத்துக்கு வந்ததும் இன்னொரு தடவை சொல்லணும். நம்ம பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியும், ஆனா ஓகே சார்னு மட்டும் சொல்லி நிறுத்திருவாங்க. ஆர்டர் தப்பாக் காதுல விழுந்திருந்தா அங்க யாருக்கும் தெரியாது.

குழித்துறைக்காரன்:
ரொம்ப நன்றி. சைப்ரஸை விட்டாச்சு. தங்கச்சி ஐஇஎல்டிஎஸ் எழுதவா, ஓஇடியா?

ஆசாரிபள்ளம் சிஸ்டர்:
வார்டுல தினமும் வேலை பாக்குறவளுக்கு ஓஇடி வசதி மக்களே. போகப்போற நாட்டு நர்சிங் கவுன்சில் அதை ஏத்துக்கிடுதான்னு முதல்ல பாருங்க. ரெண்டு தேர்வு மதிப்பெண்ணும் பொதுவா ரெண்டு வருஷம்தான் செல்லும். அதனால பேப்பர் வேலையை ஆரம்பிச்ச பிறகு எழுதுங்க.

எழுத்துத்தாள் 45 நிமிஷம், முதல் 5 நிமிஷம் வாசிக்க மட்டும். கேஸ் நோட்டைப் பாத்து 180 முதல் 200 வார்த்தையில ஒரு கடிதம், பெரும்பாலும் நோயாளியை வேற ஒருத்தர்ட்ட அனுப்புற ரெஃபரல். மார்க் போறது நோட்டுல உள்ள எல்லாத்தையும் அள்ளி எழுதுறதாலதான். கடிதம் பிசியோதெரபிஸ்டுக்குப் போனா அவருக்கு வேண்டியது ஆபரேஷன் தேதி, நடக்கும் அளவு, வலி மருந்து, வீட்டுல படி உண்டாங்கிறது. சின்ன வயசுல வந்த அம்மை அவருக்கு வேண்டாம். யாருக்கு எழுதுறோம், அவர் என்ன செய்யணும்னு முதல் பத்தியிலயே வந்திரணும்.