மீன் பெயர்க் கையேடு அச்சிட: எல்லாக் கணினியிலும் ஓடும் இலவச அச்சுக்கோப்பு மென்பொருள் எது?

தேவிபட்டினம் ஆசிரியர்
எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தேவிபட்டினம் முதல் தொண்டி வரை கரையோர ஊர்களில் கேட்டு, மீன் பெயர்களைத் தொகுத்திருக்கிறார்கள். ஊளி, பாரை, முரல், காரல், சூடை, திருக்கை என்று ஊர்ப்பெயர். எதிரே அறிவியல் பெயர், எந்த வலை, எந்தப் பருவம். கச்சான் காற்றுக் காலத்தில் என்ன படும், வாடைக் காற்றுக் காலத்தில் என்ன படும் என்று தனிப்பகுதியும் உண்டு. பக்க வடிவமைப்பையும் அவர்களே செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கையில் இருப்பவை மூன்று கணினிகள். பள்ளியில் 32 பிட் விண்டோஸ் 7. முன்னாள் மாணவி ஒருவரின் விலையில்லா மடிக்கணினி. அதில் இப்போது டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. மூன்றாவது, பெற்றோர் ஒருவர் கொடுத்த பழைய மேக். மென்பொருளுக்குப் பணம் இல்லை. திருட்டுப் பிரதியும் வேண்டாம். மூன்றிலும் ஒரே மாதிரி பக்கம் வரும் மென்பொருள் எது, எங்கே கிடைக்கும்?

ராமநாதபுரம் டிடிபி
ஐயா, நல்ல முயற்சி. ஆனால் மென்பொருள் தேடுவதில் காலத்தை விடாதீர்கள். எழுதியதை அப்படியே கொண்டுவாருங்கள், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டுத் தருகிறோம். இந்தக் கரையில் கல்யாணப் பத்திரிகை, கந்தூரி நோட்டீஸ், விசைப்படகுச் சங்க அறிக்கை எல்லாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் வெளிவருகின்றன. அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறையை விட்டு வேறு எதையாவது எடுத்தால், கடைசி நேரத் திருத்தத்துக்கு உதவ ஆள் கிடைக்காது.

மண்டபம் முகாம்
டிடிபி அண்ணனின் கைவேகம் எனக்குத் தெரியும், மதிக்கிறேன். ஆனாலும் இந்த யோசனையை ஏற்க முடியாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அதற்குத் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவைத்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துகளும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். பிள்ளைகள் அலைந்து திரட்டிய பெயர்களை நாளை இன்னொருவர் தேடவோ, திருத்தவோ, அடுத்த பதிப்பில் சேர்க்கவோ முடியாமல் போகும். அச்சான பிறகும் உயிரோடு இருக்க வேண்டிய தரவு அது.

ஆசிரியர் ஐயாவுக்கு என் பதில்: டெக் லைவ். டொனால்ட் கனூத் 1978இல் வெளியிட்ட, கட்டளையோடு எழுதிய உரையைப் பக்கமாகக் கோக்கும் டெக் என்ற நிரல், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லாடெக், இன்னும் ஆயிரக்கணக்கான துணைத்தொகுப்புகள் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதி. 1996 முதல் வெளிவருகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் உண்டு. விலை இல்லை, யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம், உரிமமே அனுமதிக்கிறது. தமிழுக்கு அதிலுள்ள ஸீடெக் என்ற டெக் வகை போதும். ஜோனதன் கியூ 2004இல் முதலில் மேக்குக்காக எழுதியது. இப்போது எல்லா இடத்திலும் ஓடுகிறது. யூனிகோட் தமிழை நேராக எடுத்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள். 2023 பதிப்பு முதல் டெக் லைவில் 32 பிட் விண்டோஸ் கிடையாது. ஆகவே பள்ளிக் கணினிக்கு 2022 பதிப்பைப் பழைய பதிப்புகளின் காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும். டெபியன் 12இன் களஞ்சியத்தில் இருப்பதும் அதே 2022தான். ஸீடெக் தொகுப்பை மட்டும் நிறுவினால் போதும். மேக்குக்கு மேக்டெக் என்று தனி நிறுவி உண்டு, அதிலும் 2022ஐயே எடுங்கள். மேக் மிகப் பழையதாக இருந்தால் மேக்டெக் ஏற்காது. அப்போது டெக் லைவின் பொது நிறுவியைப் பயன்படுத்துங்கள். பழைய மேக்குகளுக்கான நிரல்கள் அதில் தனியாக இருக்கின்றன. மூன்றிலும் ஒரே ஆண்டுப் பதிப்பு இருந்தால்தான் வரி முறியும் இடம்கூட மாறாமல் வரும்.

உச்சிப்புளி மாணவி
அண்ணா, அந்த முழுக் கோப்பு நான்கு ஜிபிக்கு மேல். எங்கள் ஊரில் மாலையில் சிக்னல் இருக்கும் நிலையில் அதை யார் இறக்குவது? நான் கல்லூரி ஆய்வறிக்கையை ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில் லாடெக்கில் எழுதினேன். உலாவி இருந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம், எந்தக் கணினி என்ற கேள்வியே இல்லை. இல்லையென்றால் மிக்டெக் என்ற இன்னொரு டெக் தொகுதி இருக்கிறது. தேவைப்படும் தொகுப்பை மட்டும் அவ்வப்போது அதுவே இறக்கிக்கொள்ளும்.

மண்டபம் முகாம்
தங்கை, ஓவர்லீஃப் நல்லதுதான். ஆனால் இலவசக் கணக்கில் தொகுக்க, அதாவது கட்டளையைப் பக்கமாக மாற்ற, நேர வரம்பு உண்டு. படமும் அட்டவணையும் நிறைந்த புத்தகம் அதில் முட்டி நிற்கும். மிக்டெக் தேவைப்படும்போதெல்லாம் இணையத்தைத் தேடும். சிக்னல் இல்லை என்பதுதான் நம் குறை என்றால், இணையத்தை நம்பும் வழி எப்படித் தீர்வாகும்? ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, ராமநாதபுரத்தில் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இறக்கினால் போதும். பிறகு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பென்டிரைவில் போகட்டும். நகலெடுக்க உரிமை தந்திருக்கிறார்களே, அந்த உரிமையை நாம் பயன்படுத்துவதே இல்லை!

பென்டிரைவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கியபடி அது பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பில் இருக்கும்; நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடம் காலியாக இருக்கும்போதே நகலெடுக்க மறுக்கும், நாம் பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைப்போம். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மூன்று கணினியும் படிக்கும். நிறுவும்போது விளக்க ஆவணங்களையும் மூலநிரல்களையும் விட்டுவிட்டால் ஏறக்குறைய பாதி இடம் மிச்சம்.

ராமநாதபுரம் டிடிபி
தம்பி, நிறுவுவது இருக்கட்டும். பள்ளிப் பிள்ளை கட்டளை எழுதிப் பக்கம் கட்டுமா? படத்தை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமென்றால் நாங்கள் சுட்டியால் இழுக்கிறோம், நீங்கள் கட்டளையைத் திருத்தி, தொகுத்து, பார்த்து, மறுபடி திருத்த வேண்டும். இலவசம்தான் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைச் சொல்லுங்கள். அதுவும் மூன்று கணினியிலும் ஓடுகிறது, கண்ணால் பார்த்துச் செய்யலாம்.

இன்னொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். மீன் பெயர்ப் புத்தகத்துக்குப் பின்னால் அகரவரிசை வேண்டும். கணினி யூனிகோட் எண்படி வரிசைப்படுத்தினால் ற-வுக்குப் பிறகு ல வரும், ன-வுக்குப் பிறகு ப வரும். அந்த வரிசையை எந்தத் தமிழாசிரியர் ஒப்புக்கொள்வார்?

மண்டபம் முகாம்
அகரவரிசைக் கேள்வி மிகச் சரியானது. லாடெக்கின் சொல்லடைவுக் கருவியும் அந்தத் தவறான வரிசையைத்தான் தரும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைக்கான திறவை, அதாவது அது எங்கே வர வேண்டும் என்ற குறியை, தனியாகக் கொடுக்க அதில் இடம் உண்டு. பெயர்ப்பட்டியல் விரிதாளில் இருந்தால், தமிழ் நெடுங்கணக்கின்படி எண்ணிட்ட ஒரு நெடுவரிசையைச் சேர்த்து அந்தத் திறவுகளை மொத்தமாக உருவாக்கிக்கொள்ளலாம். வேலைதான், ஒரு தடவை செய்யும் வேலை.

ஸ்கிரைபஸைக் குறைசொல்லவில்லை. 1.4 வரிசை தமிழைச் சரியாகக் கோக்காது; 1.6 கோக்கிறது. அட்டையும் சுவரொட்டியும் அதில் செய்யட்டும். ஆனால் உள்ளே ஒரே அமைப்பில் நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. அறிவியல் பெயர் சாய்வெழுத்தில் வர வேண்டும் என்று ஒரே இடத்தில் வரையறுத்துவிட்டால், காரல் முதல் திருக்கை வரை எல்லாப் பதிவிலும் அது தானாக நடக்கும். நாளைக்குச் சாய்வு வேண்டாம் என்றால் ஒரே வரியை மாற்றினால் போதும். சுட்டியால் இழுத்துச் செய்தால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும், ஒன்றிரண்டு கண்ணில் படாமலேயே அச்சுக்குப் போய்விடும்.

கீழக்கரை வாசகன்
மண்டபம் காக்காவிடம் ஒரு கேள்வி. எங்கள் மதரசாவுக்குத் துஆக்கள் அரபியிலும் பொருள் தமிழிலுமாகச் சிறு நூல் வேண்டும். இடையில் அரபி வந்ததும் வரியின் சொல்வரிசை குலைந்துவிடுகிறது. இதில் சரியாக வருமா?

மண்டபம் முகாம்
வரும். ஸீடெக்கில் பாலிகுளோசியா என்ற தொகுப்பைச் சேர்த்து, தமிழ் முதன்மை மொழி, அரபி துணை மொழி என்று அறிவித்துவிட்டால் வலமிருந்து இடம் போவதை அது பார்த்துக்கொள்ளும். அரபிக்கு அமீரி எழுத்துருவைப் பாருங்கள். எகிப்தின் பூலாக் அச்சகத்து நஸ்க் எழுத்தை மாதிரியாகக் கொண்டது, அதுவும் கட்டற்றது.

எழுத்துரு பற்றி எல்லோருக்குமாக ஒன்று. லதாவையோ நிர்மலாவையோ நம்பி எழுதாதீர்கள். அவை விண்டோஸோடு வருபவை, லினக்ஸில் இருக்காது, நகலெடுத்துக் கொடுக்கவும் நமக்கு உரிமை இல்லை. நோட்டோ, மீரா இனிமை, கட்டமரன் போன்ற திறந்த உரிம எழுத்துரு ஒன்றை எடுத்து, அதன் கோப்பைப் புத்தகக் கோப்புறைக்குள்ளேயே வையுங்கள். எழுத்துருவின் பெயரைச் சொல்லி அழைக்காமல் கோப்பின் பெயரைச் சொல்லி அழையுங்கள். அந்தக் கோப்புறையை எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் அதே பக்கம் வரும்.

தேவிபட்டினம் ஆசிரியர்
மூன்றிலும் 2022 போடுகிறோம். உச்சிப்புளி மகளின் கல்லூரியில் இணைப்பு நன்றாக இருந்தால் அவரே இறக்கித் தரட்டும். முதலில் காரல் பகுதியை மட்டும் கட்டிப் பார்ப்போம், அட்டை ஸ்கிரைபஸில். டிடிபி தம்பி, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் உங்கள் அச்சகம் வாங்கிக்கொள்ளுமா?

ராமநாதபுரம் டிடிபி
தாராளமாக, ஐயா. டெமி 1/8 அளவு வையுங்கள். உள்பக்கங்கள் கறுப்பு மட்டும், கட்டுகிற பக்கம் ஓரம் கூடுதலாக இருக்கட்டும். எழுத்துரு கோப்பிலேயே பதிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கட்டளை எழுதி முடிப்பார்கள் என்று நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் காரல் பகுதியை அனுப்புங்கள், ஒரு படி அச்செடுத்துப் பிழை குறித்துத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.