நாலு மணி ரோல்ஸுக்காக ஆட்கள் வேலையில் நிற்பார்களா?

கல்கிசைக் கணக்கர்:
நேற்று இங்கே மதி என்ற எச்.ஆர். தங்கச்சி போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். "ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் ஒஃபிஸை விட்டு ஒருவரும் போகவில்லை, கொழும்பில் மற்றக் கம்பனிகளும் செய்து பார்க்கலாம்" என்று எழுதி, புது சோபாவையும் பூச்சட்டியையும் படம் எடுத்துப் போட்டிருந்தார். கீழே ஆளுக்கொரு கைதட்டல். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வருடம் படித்து, பரீட்சை எழுதி, சி.ஐ.எம்.ஏ. என்ற கணக்கியல் தகைமைக்குக் காசு கட்டி வந்தவனை ஒரு ரோல்ஸைக் காட்டிப் பிடித்து வைக்கலாம் என்று நினைப்பது அவனை மதிக்கிற வேலையா?

மதி_எச்ஆர்:
கணக்கர் அண்ணா, முழுப் பதிவையும் வாசித்துவிட்டு எழுதினால் நல்லது. சம்பளம் தேவையில்லை என்று நான் எங்கேயாவது சொன்னேனா? சம்பளம் மட்டும் போதாது என்றுதான் சொன்னேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. ஹெர்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959 இலேயே சொன்னது: சம்பளம் குறைந்தால் ஆட்கள் சலிப்பார்கள், கூட்டினால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. மனிதரை மனிதராக நடத்துகிறோம் என்று காட்டத்தான் அந்த நாலு மணித் தேநீர்.

பிளேன்டீ:
ரோல்ஸ் மீனா முட்டையா? அதைச் சொல்லாமல் எப்படி முடிவெடுப்பது?

கல்கிசைக் கணக்கர்:
ஹெர்ஸ்பர்க்கைக் கொண்டு வந்ததற்கு நன்றி. அவர் போய்க் கேட்டது பிட்ஸ்பர்க் பக்கத்து எஞ்சினியர்மாரையும் கணக்காளர்களையும். மஹரகமையிலிருந்து 138 பஸ்ஸில் ஒற்றைக் காலில் வருகிறவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை விடுவோம். அவருடைய கணக்கிலேயே ரோல்ஸ், சோபா, பூச்சட்டி எல்லாம் சம்பளம் இருக்கிற அதே பட்டியலில்தான் வரும். இல்லாவிட்டால் முணுமுணுப்பு, இருந்தால் அதற்காக ஒருவரும் தலைகீழாக நிற்க மாட்டார்கள். உற்சாகம் தருவது செய்கிற வேலையும், அதற்குக் கிடைக்கிற மதிப்பும், மேலே போக வழியும் என்று அவர் சொன்ன பாதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள்.

இன்னொன்று. ரோல்ஸ் நாலு மணிக்கு வருவதில்லை. நாலே முக்காலுக்கு வரும். எனக்குத் தெரியும், அந்த ஒஃபிஸில் நான் வேலை செய்தவன்.

மதி_எச்ஆர்:
ஓ, அப்படியா! இப்போதுதான் விளங்குகிறது யார் என்று. ரோல்ஸ் நாலு மணிக்குத்தான் வரும் அண்ணா. நானே கையெழுத்து வைத்து எடுக்கிறேன்.

கல்கிசைக் கணக்கர்:
நாலே முக்கால். ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. நாலே முக்காலுக்கு எண்ணெய் ஊறிய அந்தக் காட்போட் பெட்டி மூன்றாம் மாடிக்கு வரும். ஆளுக்கொன்று என்று ஒரு டிஷுவில் வைத்து நீட்டுவார்கள். வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போது மெனேஜர் வந்து "எல்லோரும் இங்கேதானே இருக்கிறீர்கள், ஒரு சின்ன விஷயம் கதைப்போம்" என்பார். ஆறே கால் வரை கதை. கைரேகை மெஷினில் காலை 8.31 விழுந்தால் அரை நாள் லீவை வெட்டுவார்கள், மாலை 6.15 விழுந்தால் ஒரு சதமும் கிடையாது, ஏனென்றால் கடிதத்தில் 'எக்செகியூட்டிவ்' என்று போட்டிருக்கிறதாம். உலகத்தில் மிக மலிவான ஓவர்டைம் அந்த மீன் ரோல்ஸ்தான்.

பிளேன்டீ:
ஆக மீன் ரோல்ஸ். நன்றி.

ஹட்டன்காரி:
ரோல்ஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் வெள்ளவத்தையில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறேன், சம்பளத்தில் பெரிய பங்கு வாடகைக்கே போகிறது. நான் இந்த வேலையை விடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் லீவு கேட்டால் ஏன் என்று துருவாமல் தருகிறார்கள். வெள்ளி இரவு பஸ் ஏறினால் திங்கள் காலை வரை யாரும் கோல் எடுப்பதில்லை. முன்பு வேலை செய்த இடத்தில் போயா விடுமுறை நாளிலும் வட்ஸ்அப்பில் எக்செல் அனுப்புவார்கள்.

மதி_எச்ஆர்:
தங்கச்சி சொல்வது முற்றிலும் சரி, நாங்களும் அதைத்தான் செய்கிறோம். எங்கள் விளம்பரத்தைப் பாருங்கள்: 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெஷுவல் லீவு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி), பணிக்கொடை. இத்தனை சலுகையோடுதான் அந்த நாலு மணித் தேநீரும்.

கல்கிசைக் கணக்கர்:
சலுகையாம்! 14 நாளும் 7 நாளும் 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் இருப்பது. ஈ.பி.எஃப்.க்கு முதலாளி 12 வீதம், ஈ.டி.எஃப்.க்கு 3 வீதம் கட்டுவது சட்டம். பணிக்கொடை 1983 ஆம் ஆண்டுச் சட்டம்: 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கிற கம்பனி, ஐந்து வருடம் முடித்து வேலையை விடுகிறவனுக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்தில் போய் நின்று பதில் சொல்ல வேண்டியதை விளம்பரத்தில் பரிசு போலப் போடுகிறீர்கள். அடுத்த முறை 'சிவப்பு விளக்குக்கு நிற்போம்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 14 நாளும் சேர்ந்தவுடனே கிடைக்காது என்பதையும் சொல்லுங்கள். முதல் வருடத்தில் வருடாந்த லீவே இல்லை. ஒக்டோபர் முதலாம் திகதியோ அதற்குப் பிறகோ சேர்ந்தவனுக்கு அடுத்த வருடம் வெறும் 4 நாள். இதை நேர்முகத்தில் யாராவது சொன்னீர்களா? ரோல்ஸைப் பற்றி மட்டும் சொன்னீர்கள், அதுவும் நேரத்தைப் பிழையாக.

புறக்கோட்டை முதலாளி:
எல்லோரும் முதலாளியைத் திட்டுவதற்கென்றே பிறந்திருக்கிறீர்கள். நான் சின்னக் கடைக்காரன். பிள்ளைகளை எடுத்து வேலை பழக்குவேன், பில் போடக் கற்றுக்கொடுப்பேன், ஆள் தேறியவுடன் பாஸ்போர்ட்டோடு வந்து நிற்கும். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போனார்கள். கட்டாரில் கிடைக்கிற காசை நான் எங்கே போய் எடுத்துக் கொடுப்பது? சோபா போட்டாலும் போவான், ரோல்ஸ் கொடுத்தாலும் அதையும் தின்றுவிட்டுப் போவான்.

ஹட்டன்காரி:
ஐயா, டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன அந்த வருடத்தில் கடைப் பிள்ளைகளின் சம்பளத்தை எவ்வளவு கூட்டினீர்கள்?

புறக்கோட்டை முதலாளி:
அது வேறு கதை மகள். அந்த நேரம் கடையே திறக்கவில்லை, பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை.

மருதானை நானா:
நோன்பு மாதத்தில் நாலு மணிக்கு ரோல்ஸ் பெட்டியை மேசை மேசையாகக் கொண்டு திரிகிறதைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? எங்கள் ஒஃபிஸில் அப்படித்தான். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் அரை மணித்தியாலம் முன்னுக்கு விட்டால் வீட்டில் போய் நோன்பு திறக்கலாம். அதைக் கேட்டால் 'பொலிசி' என்கிறார்கள்.

பிளேன்டீ:
நானா, வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கும் இதே கதைதான். மீன் ரோல்ஸ் தீர்ந்த பிறகு 'உங்களுக்கு ஒன்றும் இல்லையா' என்று அனுதாபப்படுவார்கள். முக்கோண மரக்கறி ரொட்டி நாலு வாங்கி வைத்தால் என்ன குறைந்து போகும்?

கல்கிசைக் கணக்கர்:
ரொட்டியோ ரோல்ஸோ, எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி.

பிளேன்டீ:
இல்லை, உங்களுக்கு மட்டும்தான் அது கேள்வி.

மதி_எச்ஆர்:
சரி, சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். கணக்கர் அண்ணா எங்களை விட்டுப் போனது ரோல்ஸாலோ லீவாலோ இல்லை. தான் எதிர்பார்த்த பதவி இன்னொருவருக்குக் கிடைத்ததால். அன்றிலிருந்து எங்கள் ஒஃபிஸில் பூச்சட்டி வைத்தாலும் அவருக்குக் குற்றம். எங்கள் ஆட்களுக்கு 2025 ஏப்ரலுக்குப் பிறகு கையில் வருகிற சம்பளமும் கூடியிருக்கிறது, அதையும் எழுதுங்களேன்.

கல்கிசைக் கணக்கர்:
அது உங்கள் கம்பனி கூட்டியதா? 2025 ஏப்ரலில் சம்பள வரிக்கான எல்லையை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சமாக உயர்த்தியது அரசாங்கம். வரி குறைந்ததால் கையில் கூட வந்தது. அதையும் உங்கள் கணக்கில் எழுதிவிட்டீர்களா? பதவி விஷயத்துக்கு வருவோம். ஆறு மாதமாக நான் செய்த வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டு வந்து, அவருக்கு வேலை பழக்கும்படி என்னிடமே சொன்னார்கள். நான் பழக்கினேன். பிறகுதான் கடிதம் கொடுத்தேன். ஒருவன் போகும்போது ஏன் போகிறாய் என்று கேட்கக்கூட அந்த எச்.ஆரில் ஆள் இல்லை, தாளில் டிக் போடச் சொன்னார்கள். அந்தத் தாளில் 'மீன் ரோல்ஸ் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதையும் டிக் பண்ணியிருப்பேன்.

மதி_எச்ஆர்:
நாலு மணி.

கல்கிசைக் கணக்கர்:
நாலே முக்கால்.

புறக்கோட்டை முதலாளி:
ஒரு வேன் போட்டால் இந்தச் சண்டை எல்லாம் தேவையில்லை. காலி வீதியில் ஏற்றி காலி வீதியில் இறக்கினால் ஆள் நிற்கும்.

ஹட்டன்காரி:
உங்கள் கடைக்கு வேன் இருக்கிறதா ஐயா?

புறக்கோட்டை முதலாளி:
சாமான் ஏற்றுகிற வேன் இருக்கிறது.

மருதானை நானா:
மதி தங்கச்சி, சண்டைக்கு நடுவில் கேட்கிறேன், மன்னியுங்கள். என் மருமகன் பி.கொம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். உங்கள் எக்கவுண்ட்ஸ் பக்கம் இடம் ஏதும் இருக்கிறதா?

மதி_எச்ஆர்:
இருக்கிறது நானா, இரண்டு இடம். இன்பாக்ஸில் சீ.வீ. அனுப்பச் சொல்லுங்கள்.

கல்கிசைக் கணக்கர்:
இரண்டு இடமா! ஒருவரும் போகவில்லை என்றால் எக்கவுண்ட்ஸில் இரண்டு இடம் எங்கிருந்து வந்தது?

மதி_எச்ஆர்:
புதிதாக உருவாக்கிய பதவிகள். நாங்கள் வளர்கிறோம் அண்ணா.

கல்கிசைக் கணக்கர்:
அப்படியானால் சம்பளத்தை இங்கேயே எல்லோரும் பார்க்கப் போடுங்கள்.

மருதானை நானா:
வேண்டாம் தங்கச்சி, அதை எனக்கு இன்பாக்ஸில் மட்டும் சொல்லுங்கள்.