ஆப்பிள் ஸ்ட்ரூடல்: மாவு கிழிகிறது, அடிப்பக்கம் களியாகிறது. எங்கே தப்பு?

மேசைக்கரண்டி கேட்டது:

வணக்கம். மெல்லிய மாவுக்குள் ஆப்பிளைச் சுருட்டி வேகவைக்கிற ஸ்ட்ரூடலுக்கு, கடையில் கிடைக்கிற ஃபிலோ என்ற மெல்லிய மாவுத்தாளை வாங்கிச் சுற்றுகிற குறுக்குவழி வேண்டாம். வியன்னா முறையில் மாவைக் கையாலேயே இழுத்துச் செய்ய வேண்டும். இப்போதைய அளவு: மைதா 250 கிராம், தண்ணீர் 100 மில்லி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு. 5 நிமிடம் பிசைந்து, 15 நிமிடம் மூடிவைத்து, பூரிக்கட்டையால் தேய்த்துவிட்டு இழுப்பது. ஆப்பிள் 1 கிலோ. அதை முதலிலேயே நறுக்கி, 100 கிராம் சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டுப் பிசறி, மாவு தயாராகும்வரை ஊறவைப்பது.

சிக்கல் இரண்டு. மாவு ரப்பர் மாதிரி திரும்பத் திரும்பச் சுருங்குகிறது. வலிந்து இழுத்தால் நடுவில் கிழிகிறது. வெந்த பிறகு மேலே மொறுமொறுப்பு, அடியில் களி. தட்டில் சாறு தேங்கிக் கருகுகிறது. ஓவன் 200 டிகிரி, 30 நிமிடம். மஞ்சள் கரு சேர்த்தால் மாவு நன்றாக இழுபடும் என்கிறார்கள், சரியா?

மாவுக்கை பதில்:

மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் அளவிலேயே விடை இருக்கிறது: தண்ணீர் குறைவு, பிசைந்தது குறைவு, ஓய்வு மிகக் குறைவு.

250 கிராம் மாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் 125 முதல் 130 மில்லி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வினிகரை விட்டுவிடாதீர்கள். அந்தச் சிறு புளிப்பு குளூட்டனை (மாவுக்கு இழுவை தருகிற புரதம்) கொஞ்சம் இளக்கி, மாவை இழுப்புக்கு இணங்க வைக்கும். மைதா பாக்கெட்டின் பின்பக்கம் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 11, 12 கிராம் இருந்தால் நல்லது. 9 என்றால் எவ்வளவு பிசைந்தாலும் கிழியும். பாதிக்குப் பாதி பிரெட் மாவு கலந்துகொள்ளுங்கள்.

பிசைவது குறைந்தது 10 நிமிடம். முதலில் கையெல்லாம் ஒட்டும். பயந்து உலர்மாவு தூவினால் மறுபடி பழைய கதைதான். உருண்டையைத் தூக்கி மேசைமேல் பொத்தென்று அடித்து, மடித்து, மறுபடி அடியுங்கள். ஐம்பது அறுபது அடியில் ஒட்டுவது தானாக நின்று, காதுமடல் மாதிரி மெத்தென்று ஆகிவிடும். மேலே எண்ணெய் தடவி, வெதுவெதுப்பான பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிசையும்போது முறுக்கேறிய குளூட்டன் தளர அவ்வளவு நேரம் வேண்டும். மாவு சுருங்குகிறது என்றால் இன்னும் தளரவில்லை என்று அர்த்தம். பிரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடும், வேண்டாம்.

இழுக்க, மேசைமேல் பருத்தித் துணி விரித்து மாவு தூவுங்கள். கட்டையால் முப்பது சென்டிமீட்டர் அகலம்வரை தேய்த்தால் போதும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் மாவுக்கு அடியில் விட்டு, புறங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். விரல்நுனி படவே கூடாது, ஓட்டை விழுவது அங்கேதான். மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு பக்கமாக இழுக்க வேண்டும். துணியின் பூவேலை மாவு வழியாகத் தெளிவாகத் தெரிந்தால் சரியான பதம். இந்த அளவு மாவு 60 × 80 சென்டிமீட்டருக்குத் தாராளமாக வரும். தடித்த ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியுங்கள், அது வேகாது. சின்ன ஓட்டைகளைக் கண்டுகொள்ள வேண்டாம், சுற்றும்போது உள்ளே போய்விடும்.

மஞ்சள் கரு தேவையில்லை. சிலர் சேர்ப்பார்கள், நிறம் வரும். ஆனால் தண்ணீரும் ஓய்வும் செய்கிற வேலையை அது செய்யாது.

பட்டைத்தூள் பதில்:

களிக்குக் காரணம் ஓவன் இல்லைங்க, முன்கூட்டியே பிசறி ஊறவைக்கிற அந்த நேரம். சர்க்கரை பட்டதுமே ஆப்பிளிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பிக்கும். நீங்கள் மாவு இழுத்து முடிப்பதற்குள் கிண்ணத்தின் அடியில் சாறு நிற்கும். அதை அப்படியே மாவுமேல் கொட்டினால் எந்த ஓவனாலும் காப்பாற்ற முடியாது. நறுக்கிய ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு மட்டும் ஊற்றிவைத்து, சர்க்கரையைச் சுற்றுவதற்கு முந்தின நிமிடம் சேருங்கள். 100 கிராம் கூட வேண்டாம், 80 போதும்.

ஆப்பிள் புளிப்பாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பழைய வியன்னா சமையலில் பாஸ்கூப் வகை பேர்போனது. கிடைக்காவிட்டால் கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள். சிவந்த, மாவு மாதிரி உதிர்கிற இனிப்பு ஆப்பிள் வெந்ததும் கூழாகிவிடும். தோல் சீவி, காலாக வெட்டி, 3 மில்லிமீட்டர் தடிமனில் சீவல் போடுங்கள். கனத்த துண்டு வேகுமுன் மாவு கருகும்.

உங்கள் பட்டியலில் பிரெட்தூள் இல்லையே! சாற்றைக் குடிப்பதே அதுதான். 100 கிராம் பிரெட்தூளை 60 கிராம் வெண்ணெயில் மிதமான தீயில், பொன்னிறமாகி வறுத்த கொட்டை வாசம் வரும்வரை கிளறி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு தூவினால் மாவு இளகிக் கிழியும். உலர்திராட்சை 60 கிராம். பலர் ரம்மில் ஊறவைப்பார்கள். சாறு கசிகிற சிக்கல் இருக்கும்வரை ஊறவைக்காமல் போடுங்கள், அதுவும் கொஞ்சம் சாற்றை இழுத்துக்கொள்ளும்.

இழுத்த மாவு முழுக்க உருக்கிய வெண்ணெய் தடவி, உங்களுக்கு அருகே உள்ள மூன்றில் ஒரு பங்கில் பிரெட்தூள், அதன்மேல் ஆப்பிள். ஓரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டு, பக்கங்களை உள்ளே மடித்து, துணியைத் தூக்கித் தூக்கி உருட்டுங்கள். கையால் இறுக்கிச் சுற்றினால் ஆவி போக இடமில்லாமல் வெடிக்கும். இணைப்பு அடியில் வரட்டும்.

மேசைக்கரண்டி:

நன்றி. ஆப்பிளை வெண்ணெயில் லேசாக வதக்கிவிட்டால் சாறு முன்பே வற்றிவிடாதா? இன்னொன்று, தட்டின் நீளம் 30 சென்டிமீட்டர்தான்.

பழைய தட்டு பதில்:

வதக்கலாம், ஆனால் அது வேறு பலகாரம். பச்சைச் சீவல் மாவுக்குள்ளேயே ஆவியில் வெந்து, கடித்தால் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். வதக்கியது ஜாம் மாதிரி உட்கார்ந்துவிடும். கனமான அடிமாவும் மேல்மூடியும் போட்டு ஒரு மணி நேரம் வேகிற ஆப்பிள் பை (pie) என்ற பலகாரத்துக்கு முன்கூட்டிச் சூடாக்குவது பொருந்தும். ஸ்ட்ரூடலுக்குப் பிரெட்தூளே போதும்.

(இடையில் ஒரு துணுக்கு: நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ஸ்ட்ரூடல் குறிப்புகள் 1696-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இருக்கின்றன, வியன்னா நகர நூலகத்தில் உள்ளது. அவற்றில் ஆப்பிளே கிடையாது, ஒன்று பாலாடை, மற்றது டர்னிப். ஸ்ட்ரூடல் என்றால் ஜெர்மன் மொழியில் நீர்ச்சுழல். வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும்.)

சின்னத் தட்டுக்கு, பிசைந்ததும் மாவை இரண்டு உருண்டையாக்கித் தனித்தனியே ஓய்வு கொடுங்கள். ஒவ்வொன்றையும் 40 × 60-க்கு இழுத்தால் 30-க்குள் அடங்கும். நீளமாக ஒன்றே செய்து குதிரை லாட வடிவில் வளைக்கலாம்தான், ஆனால் வளைவில் வெடிக்கும்.

மாவுக்கை பதில்:

வேகவைக்கிற நேரமும் போதவில்லை. 200 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 180-இல் 25 நிமிடம். தட்டு நடுவுக்கு ஒரு படி கீழே. உள்ளே வைக்குமுன் ஒருமுறை, இடையில் இருமுறை வெண்ணெய் தடவுங்கள். மேலோடு தாள் தாளாக உதிர்வது அதனால்தான். அடியைச் சட்டுவத்தால் தூக்கிப் பார்த்து, அங்கும் பழுப்பு வந்த பிறகே எடுங்கள்.

எடுத்ததும் கம்பித்தட்டுக்கு மாற்றி 20 நிமிடம் ஆறவிட்டு, ரம்பக் கத்தியால் அறுங்கள். பொடித்த சர்க்கரையைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும், முன்பே தூவினால் கரைந்து பிசுபிசுக்கும். மிச்சத்தை 160 டிகிரி ஓவனில் 10 நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் மேலோடு தோல் மாதிரி ஆகிவிடும். இரண்டாவது உருளையை வேகவைக்காமலே உறையவைக்கலாம். அப்போது பனி இளகவிடாமல் நேராக 180-இல் வைத்து, கூடுதலாக 15 நிமிடம் கொடுங்கள்.