கிளிப்பிங்: தறிப்பா, தறிவா?

வெள்ளவத்தையிலிருந்து, திங்கள்:
மடற்குழுவினருக்கு வணக்கம். ஒலிப்பதிவு வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கெயின் (வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு), ஹெட்ரூம் (ஒலியின் உச்சத்துக்கும் எல்லையான 0 டெசிபலுக்கும் இடையே விடும் இடம்), கிளிப்பிங் (எல்லை மீறிய அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படுவது) மூன்றுக்கும் இன்னும் தமிழ் இல்லை. இடறும் பந்தி இதுதான்:

"மிருதங்கக்காரரை ஆக உரத்த தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். சராசரி மைனஸ் 18 டெசிபலை ஒட்டியும் உச்சம் மைனஸ் 10ஐத் தாண்டாமலும் நிற்கும்வரை கெயின் குமிழைத் திருகுங்கள். வாசிப்புச் சூடேறினால் இன்னும் சில டெசிபல் ஏறும். அதற்கும் இடம் வேண்டும். 24 பிட் பதிவில் அலையின் ஒவ்வொரு அளவீடும் 24 இரும இலக்கம், ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். 18 கீழே விட்டாலும் போவது 3 பிட்தான். 0ஐத் தாண்ட முயன்றதெல்லாம் ஒரே எண்ணாகப் பதிவாகும். பிறகு பேடரை (ஒலியளவுத் தள்ளுகுமிழை) இறக்கினால் தட்டையான முகடு சிறுக்குமே தவிர வளையாது."

கொட்டாஞ்சேனையிலிருந்து:
கெயினுக்கு எதற்குத் தேடல்? உயர்தரப் பௌதிகவியலில் கரண்ட் கெயினை 'ஓட்ட நயம்' என்று படித்துத்தானே வந்தோம். தமிழ்நாட்டுப் 'பெருக்கம்' கணிதத்துப் பெருக்கலோடு முட்டும். நயம், நட்டம் என்று சோடி சேரும்போது ஆதாயப் பொருளும் அதில் இருக்கிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து:
பௌதிகம் சரி ஐயா. பாடகரிடம் போய் "உங்கள் நயத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

தெகிவளையிலிருந்து:
நயம் இருக்கட்டும். கிளிப்பிங்குக்கு 'முகட்டுக்குறை' என்பேன். செய்யுள் விகாரம் ஒன்பதில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை இருக்கும்போது நான்காவது குறை ஒன்று பிறந்தால் என்ன?

பம்பலப்பிட்டியிலிருந்து:
முதற்குறையில் 'மரை' என்று வந்தாலும் படிப்பவர் 'தாமரை' என்று மீட்டுக்கொள்வார். இங்கே போன முகடு போனதுதான். திருத்தும் மென்பொருள் செய்வதும் பக்கத்து மாதிரிகளை (அலையின் அளவீடுகளை) வைத்து ஊகிப்பதே.

மருதானையிலிருந்து:
மலையகத்தில் கேட்டால் ஒரே சொல்லில் முடியும்: கவ்வாத்து. வெட்டி முடிந்த தேயிலைச் செடியின் தலையைப் பாருங்கள், திரையில் தெரியும் அலை அப்படியே அதுதான்.

தெகிவளையிலிருந்து:
படம் அழகு. ஆனால் கவாத்து என்றால் பட்டாளப் பயிற்சியும்தானே, அது உருது வழி வந்தது. அதோடு, கவ்வாத்து வெட்டினால் துளிர்க்கும். துளிர்க்கத்தான் வெட்டுகிறோம்.

(இதன்பின் 'கவாத்து' பற்றி 11 மடல்கள். தேவையானவர்கள் தனி இழையில் தொடரலாம்.)

கொட்டாஞ்சேனையிலிருந்து, புதன்:
தறித்தல் என்ற சொல்லை மறந்துவிட்டோம். மரம் தறிக்கிறோம், கிளை தறிக்கிறோம். 'தறிப்பு' ஆகாதா?

வெள்ளவத்தையிலிருந்து:
ஆகும் அண்ணை, ஆனால் பாதிக்கு மட்டும். தறிதல் தன்வினை, தறித்தல் பிறவினை. கெயின் மிஞ்சித் தானாக நேர்வது 'தறிவு'. ட்ரம்ஸின் கூர்முனைகளை வேண்டுமென்றே சீவ நாம் போடும் கிளிப்பர் செய்வது 'தறிப்பு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மாணவர் குழம்புவதே அங்கேதான். எனவே கையேட்டில் இப்படி வரும்:

"முகடு மைனஸ் 4இலேயே தட்டையாக நின்றால், தறிவு நேர்ந்தது அந்த அளவுகாட்டிக்கு ஒலி வந்து சேருமுன். முன்பெருக்கியில் (மைக் ஒலியை முதலில் பெருக்கும் கருவியில்) கெயினை இறக்குங்கள். அதுவும் போதாவிட்டால் மைக்கின் பேட் விசையைப் போடுங்கள், 10 அல்லது 20 டெசிபல் குறையும். மென்பொருளுக்குள் 32 பிட் மிதவைப் புள்ளியில் (0க்கு மேற்பட்டதையும் எண்ணாகக் காக்கும் முறையில்) ஒரு தடம் சிவப்புக் காட்டினால் அது இன்னும் தறிவு அல்ல. மாஸ்டரை (எல்லாத் தடங்களும் கூடும் இறுதி ஒலியளவை) இறக்கினால் அலை முழுதாகத் திரும்பும். அதே சிவப்போடு 24 பிட் கோப்பாக ஏற்றுமதி செய்தால்தான் தறியும். 20 தடங்கள் தனித்தனியே அடக்கமாக இருந்தாலும் கூட்டினால் 0ஐ இடிக்கலாம்."

தெகிவளையிலிருந்து:
பீலி ஏற்றினாலும் அச்சு முறியும் கணக்கு. தறிவு எனக்குச் சம்மதம், அரைமனதோடு.

மருதானையிலிருந்து:
கோயில் ஒலிபெருக்கிக்காரர் முதல் எல்லாரும் சொல்வது "சவுண்ட் கிழியுது". கிழிசல் என்று போட்டால் யாருக்கும் விளக்கவே தேவையில்லை.

வெள்ளவத்தையிலிருந்து:
ஸ்பீக்கர் கூம்பு கிழிந்தாலும் அதே பேச்சுத்தான். அப்போது கெயினைத் திருகியவருக்கு அரை நாள் வீண்.

மருதானையிலிருந்து:
தறிவு என்றால் என்ன என்று விளக்கவும் அரை நாள் போகும் தங்கச்சி.

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் இரவு:
தறிவுக்கு 4 பேர், கிழிசலுக்கு 2 பேர், மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. தலைப்பில் 'கிளிப்பிங்', உள்ளே 'தறிவு'. கெயின் கெயினாகவே இருக்கும். ஹெட்ரூமுக்கு 'முகட்டுவெளி' என்று போட்டிருக்கிறேன். காலை 9 மணிக்குள் வேறு சொல் வந்தால் மாற்றலாம்.

தெகிவளையிலிருந்து:
முகட்டுவெளி என்றால் முகட்டுக்கு மேலா, கீழா?