ஹைலக்ஸ் பிக்அப் பின்பக்கம் இன்னொரு ஸ்பிரிங் பட்டை: வீட்டிலேயே போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மாரே. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். என் பழைய ஹைலக்ஸில்தான் பசார் மாலாம் (இரவுச் சந்தை) சட்டி, கேஸ் தோம் (சிலிண்டர்) எல்லாம் போகும். இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான்களோடு பினாங்குப் பாலத்தில் ஏறினால், பின்பக்கம் நாய் உட்கார்ந்த மாதிரி இறங்கிவிட்டது. விளக்கு வெளிச்சம் முன்னால் போன கார்க்காரர் கண்ணில்தான் அடித்திருக்கும், பாவம்.

ஒரு பட்டறையில் முழு ஸ்பிரிங் செட்டையும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. இருக்கிற அடுக்கோடு சேர்க்க, பக்கத்துக்கு ஒரு பட்டை வாங்கிவிட்டேன். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தனி ஜாக்கில் தாங்கி, பட்டைகளை கிளாம்பில் இறுக்கிக்கொண்டு, அவற்றைக் கோத்துப் பிடிக்கும் நடு போல்ட்டை மாற்றுவதாகத் திட்டம். பட்டை அடுக்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் புதிதுதான். பழையது இழுபட்டிருக்கும், நீளமும் போதாது.

சந்தேகம் பிரேக்கில்தான். பளுவுக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு, ஒரு கம்பியால் அச்சோடு இணைந்திருக்கிறது. வண்டி உயர்ந்தால் அது பளு இல்லை என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடுமே? அந்தக் கம்பியை எப்படிச் சரிசெய்தீர்கள்? அப்புறம், காலியாக ஓட்டும்போது இடுப்பு ஒடியுமா?

பட்டை கூடினால் ஏற்றும் எடை வரம்பு கூடிவிடாது என்பது தெரியும், அதற்குத் திட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை. பக்கத்தில் யாரிடமாவது டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) இருந்தால் ஒருநாள் இரவல் தாருங்கள்.