பவுல் திருமணத்தை வெறுத்தாரா?

பழஞ்சுவடி:
"வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம்." கொரிந்து சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதம், 1 கொரிந்தியர் 7:9. கல்யாணம் என்பது காமத்துக்கு மருந்து, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றுதானே இது சொல்கிறது? திருச்சபை பல நூற்றாண்டுகளாக இல்லறத்தை இரண்டாம் இடத்தில் வைத்ததற்கு விதை போட்டவர் பவுல்.

ஆற்றங்கரை:
இல்லை சகோ. அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து" என்று தொடங்குகிறது. "ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது" என்பது கொரிந்து சபையார் எழுதியனுப்பிய கருத்து, பவுல் அதை எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நான்காம் வசனத்தில் மனைவியின் உடல்மேல் கணவனுக்கு அதிகாரம் என்கிறார். அன்றைக்கு யாரும் சொல்லியிருப்பார்கள். உடனே, கணவனின் உடல்மேல் மனைவிக்கும் அதிகாரம் என்கிறாரே! ரோமக் குடும்பத் தலைவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

காலத்தையும் பாருங்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18இலும் கி.பி. 9இலும் கொண்டுவந்த சட்டங்களின்படி, ரோமக் குடிமக்களில் 25 முதல் 60 வயது வரை ஆணும், 20 முதல் 50 வரை பெண்ணும் மணவாழ்வில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நெருங்கிய உறவல்லாதவர் உயிலில் எழுதிவைத்த சொத்து கைக்கு வராது. கணவன் இறந்தாலும் மறுமணத்துக்குக் கெடு உண்டு. கொரிந்தோ ரோமக் குடியேற்ற நகரம். அங்கே போய் ஒருவர், விதவை விரும்பினால் மணக்கலாம், அப்படியே இருந்தால் இன்னும் பாக்கியவதி என்கிறார். எனக்கு இது விடுதலையாகத்தான் படுகிறது.

நெல்லைச்சீமை:
கேபாவும் (பேதுருதான்) மனைவியோடுதான் ஊழியத்துக்குப் போனார் (1 கொரி 9:5). விவாகத்தைத் தடுப்பவர்களை 1 தீமோத்தேயு 4:3 கண்டிக்கிறது.

பழஞ்சுவடி:
வசனம் இருந்தது சரி, நடந்தது என்ன? மணமானவர்க்கும் கன்னியர்க்கும் பரலோகத்தில் ஒரே பலன்தான் என்று நான்காம் நூற்றாண்டு ரோமில் ஜோவினியன் சொன்னார். அவரே ஒரு துறவி! போப் சிரிசியுசும் மிலான் ஆயர் அம்புரோசும் அவரைச் சபையிலிருந்து தள்ளிவைத்தார்கள். 393இல், பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் எழுதிய மறுப்பைப் படித்தால் மனம் கசக்கும். பசியில் சாணத்தைத் தின்னாமலிருக்க வாற்கோதுமை கொடுப்பது போலத்தானாம் கல்யாணம். நீங்கள் சொல்லும் அந்த முதல் வசனத்தை வைத்தே, தொடாமலிருப்பது நல்லதென்றால் தொடுவது கெட்டது என்கிறார். அவருடைய நண்பர் பம்மாக்கியுசே பதறிப்போய்ப் பிரதிகளைத் திரும்பச் சேகரிக்கப் பார்த்தார்.

ஆற்றங்கரை:
ஜெரோம் எல்லை மீறினார், ஒப்புக்கொள்கிறேன். 401 வாக்கில் ஆயர் அகுஸ்தீன் திருமணமும் நன்மையே என்று தனி நூல் எழுதியதும் அதனால்தான். ஆனால் அதே ஜெரோமைச் சுற்றியிருந்த பெண்களைப் பாருங்கள். பவுலா என்ற செல்வந்த விதவை மறுமணம் வேண்டாமென்று பெத்லகேம் போனார், மடங்கள் கட்டினார், எபிரெயம் கற்று அந்த மொழியிலேயே சங்கீதம் பாடினார். வேறு எந்த வழி அவருக்கு இதைக் கொடுத்திருக்கும்?

பழஞ்சுவடி:
பவுலா கப்பலேறியபோது சின்ன மகன் தொக்சோத்தியுஸ் கரையில் கை நீட்டிக் கெஞ்சினான். என் கல்யாணம் வரையாவது இருங்கள் என்று மகள் ரூஃபினா சத்தமில்லாமல் அழுதாள். இதைப் பெருமையாக எழுதிவைத்தவரும் ஜெரோம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு எது விடுதலை?

ஆற்றங்கரை:
அதைப் படித்து நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தொக்சோத்தியுஸ் வளர்ந்து, தன் மகளுக்குப் பாட்டியின் பெயரையே வைத்து, கன்னியாக வாழ அவளைக் கிறிஸ்துவுக்கு நேர்ந்துவிட்டார். வெறுப்பிருந்தால் செய்வாரா?

பழஞ்சுவடி:
பிறப்பதற்கு முன்பே நேர்ந்துவிட்டார்கள், சகோ. கொரிந்து விதவைக்குப் பவுல் விட்டுவைத்த "விரும்பினால்" அந்தக் குழந்தைக்கு இல்லை.

ஆற்றங்கரை:
அந்த ஒரு சொல் தொலைந்தது உண்மை. ஆனால் தொலைத்தவர் பவுல் இல்லை.