புதுப்பிப்பு: அம்மாவின் தொடைவலிக்குக் காரணம் தெரிந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடும் அம்மாவுக்கு, நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கிய நாலாம் நாள் தொடை வலித்ததென்று எழுதியிருந்தேன். "இரண்டு மருந்தையும் ஒன்றாக டாக்டரிடம் காட்டுங்கள்" என்று இங்கே ஓர் அக்கா சொன்னதுதான் சரி.

அன்று மீன் அரிந்துவிட்டு எழுந்தவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. பயந்துபோய் உடனே ரங்கூன் டவுனுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

உடலில் சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் சிப்3ஏ4 (CYP3A4) என்ற நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்குகிறதாம். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் பல மடங்கு தேங்கித் தசையைக் கெடுக்கிறது. ரத்தச் சோதனையில் சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் பொருள்) ஏறியிருந்தது, சிறுநீரகம் தப்பியது. சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி, கிளாரித்ரோமைசினுக்குப் பதில் அசித்ரோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பத்து நாளில் வலி போய்விட்டது.

நான் எதிர்பார்க்காதது: கிளாரித்ரோமைசினை விட்ட பிறகும் நொதி மீளச் சில நாள் ஆகும். அதனால் சிம்வாஸ்டாட்டினை உடனே தொடங்காமல், டாக்டர் சொன்ன தேதியில்தான் தொடங்கினோம்.